விபத்தில்லாத ஆயிரமாவது நாள்

பிராம்லி அண்ட் ஹோப்ஸ் கம்பெனியின் நெய்வேலிக் கிடங்கில் நான் டைப் அடிக்கும் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், உலகத்திலேயே பாதுகாப்பான இடம் எங்கள் கிடங்குதான். இதற்கு எழுத்து மூலம் ஆதாரம் உண்டு. அந்த ஆதாரத்தை டைப் அடித்தவன் நானே.

கிடங்கின் வாசல் கதவுக்கு மேலே, பதினான்கடி உயரத்தில் ஒரு கறுப்புப் பலகை இருந்தது. 'விபத்தில்லாத இத்தனையாவது நாள்' என்று எழுதி, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு வாட்ச்மேன் ஏணியில் ஏறி, பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணைச் சுண்ணாம்பால் எழுதுவான். ஒரு தடவை ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். கட்டுப் போட்ட கையோடு வந்து மறுநாள் எண்ணையும் எழுதினான், ஒன்று கூட்டி.

கிடங்கின் வேலை எளிது. சுரங்கத்து ஜெர்மன் இயந்திரங்களுக்கான பல்லும் சக்கரமும் பெட்டி பெட்டியாக ரயிலில் வரும். இறக்கி, உள்ளே கொண்டுபோய் அடுக்க வேண்டும். அதற்கு ஒரு ஃபோர்க்லிஃப்ட் இருந்தது. முன்னால் இரண்டு நீள இரும்புக் கைகள் நீட்டிக்கொண்டிருப்பதால் தொழிலாளர்கள் அதைக் கொம்பு வண்டி என்றார்கள். சென்னைத் தலைமை அலுவலகம் அச்சடித்து அனுப்பிய தமிழ் விதிப் புத்தகம் அதை 'முள்கரண்டித் தூக்கி' என்றது. புத்தகத்தில் அறுபத்து நான்கு விதிகள் இருந்தன. ஜெனரல் மேனேஜரே எழுதியவை என்று முன்னுரையில் ஜெனரல் மேனேஜரே எழுதியிருந்தார்.

வண்டியை ஓட்டியவன் வடக்குத்துக் கிராமத்துத் தனகோட்டி. லைசென்ஸ் உள்ள ஒரே ஆள் அவன்தான். யார் எதைச் சொன்னாலும் உண்மை என்று நம்பிவிடுவான். ஹாரன் வேலை செய்யவில்லை என்று அவன் புகார் கொடுத்தபோது, அது வரும்வரை வாயால் எச்சரிக்கும்படி சொன்னார்கள். அன்று முதல் மூலைக்கு மூலை "வழி, வழி" என்று கத்திக்கொண்டே ஓட்டினான். மாதாந்திரப் பரிசோதனைத் தாளில் ஹாரன் என்ற இடத்தில் 'ஒலிக்கிறது' என்று பதிவாயிற்று. இரண்டு வருஷம் ஒலித்தது. மழைக்காலத்தில் அவனுக்குத் தொண்டை கட்டினால் 'சற்றுக் கரகரப்பு' என்று எழுதுவோம்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஆவணியில் வண்டியின் பிரேக் போயிற்று. மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி கால் கீழே போகும், வண்டி அதுபாட்டுக்குப் போகும். கைப்பிரேக் அதற்கு முன்பே காலமாகியிருந்தது. பெட்டிகள் காத்துக் கிடந்தன. தனகோட்டிதான் ஒரு வழி சொன்னான்.

"விருத்தாசலம் தேரு பாத்திருக்கீங்களா சார்? அதுக்கு இன்னா பிரேக்கா இருக்குது? முட்டுக்கட்டை போட்டுத்தான நிறுத்தறாங்க. ஒரு ஆளு கட்டையோட பக்கத்துலயே ஓடிக்கினு வந்தா, நான் குரல் குடுத்ததும் சக்கரத்துக்கடியில போட்டுடலாங்க."

கட்டை போடும் வேலைக்கு மேல்பட்டாம்பாக்கம் நிஜாமுதீன் வந்தார். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. வெடவெடவென்று ஒல்லியாக இருப்பார். ஒரு நாளைக்கு எண்பது நடை வண்டியோடு ஓடுவார். தனகோட்டி "பாய்" என்று குரல் கொடுத்தால் போதும், கட்டை சரியாகச் சக்கரத்தின் வாயில் போய் விழும். வண்டி முணுமுணுத்துவிட்டு நிற்கும். வேடிக்கை பார்க்க மற்ற கிடங்குகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

பிரேக் பாகம் கேட்டுச் சென்னைக்கு நான் நான்கு கடிதம் அடித்தேன். நான்கும் திரும்பி வந்தன. பரிசோதனைத் தாளில் 'வண்டி நிற்கிறதா?' என்று ஒரு கேள்வி உண்டு. எது நிறுத்துகிறது என்று கேட்கிற கேள்வி கிடையாது. நாங்களும் உண்மையை மறைக்காமல் 'நிற்கிறது' என்று எழுதியிருந்தோம். நிற்கிற வண்டிக்குப் பிரேக் எதற்கு என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. நியாயமான கேள்வி என்றார் எங்கள் பாதுகாப்பு அதிகாரி ராஜாங்கம்.

ராஜாங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதுகாப்பில் அவருக்கு இருந்த பக்தி சாதாரணமானதல்ல. கிடங்குக்கு நாற்பது ஹெல்மெட் வந்தபோது, கீறல் விழுந்துவிடக்கூடாது என்று கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். தரையெல்லாம் மஞ்சள் கோடு போடவைத்தார். கோட்டின் மேல் பெட்டி வைக்கக்கூடாது, கோட்டுக்கு வெளியே நடக்கக்கூடாது. பெட்டிகளுக்கு நடுவில் கோடு போட இடமில்லாததால் பெட்டிகளின் மேலேயே கோடு போயிற்று. திங்கட்கிழமைதோறும் எங்களை வரிசையில் நிற்கவைத்து உரையாற்றுவார்.

"பாதுகாப்பு என்பது ஒரு மனநிலை. பிரேக் என்பது ஒரு பொருள். பொருள் தேயும். மனநிலை தேயாது. நாம் எதை வளர்க்க வேண்டும்?"

"மனநிலையை" என்போம்.

பங்குனி முதல் வாரம், பலகையில் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு என்று எழுதியிருந்த நாளில், இரண்டு டன் பெட்டியோடு தனகோட்டி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தான். குரல் கொடுத்தான். நிஜாமுதீன் கட்டையைப் போட்டார். தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது. கட்டை வழுக்கிக்கொண்டு போயிற்று. கீழே பெட்டி அடுக்கிக்கொண்டு நான்கு பேர் முதுகு காட்டி நின்றார்கள். நிஜாமுதீன் ஓடிப்போய்க் கட்டையைக் காலால் சக்கரத்துக்கடியில் தள்ளினார். வண்டி நின்றது. நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் அவருடைய இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அதைப் பற்றி வேறெதுவும் எழுத எனக்கு இஷ்டமில்லை.

மறுநாள் விசாரணைக் குழு கூடியது. தலைவர், செயலாளர், உறுப்பினர் மூவரும் ராஜாங்கமே. குறிப்பெடுக்க நான். முதல் அமர்வில் பாதம் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்று ஆராய்ந்தார். பாதி உள்ளே, பாதி வெளியே என்று தெரிந்தது. இரண்டாம் அமர்வில் காபி சாப்பிட்டார். மூன்றாம் அமர்வில் தீர்ப்பைச் சொன்னார். நான் அடித்தேன்.

"எதிர்பாராமல் நடப்பதே விபத்து. பிரேக் இல்லாத வண்டி என்றைக்காவது ஒருவர் காலில் ஏறும் என்பதைக் கடந்த ஏழு மாதமாக நிர்வாகம் முழுமையாக எதிர்பார்த்தே இருந்தது. எதிர்பார்த்தது நடந்திருப்பதால் இதை விபத்து எனக் கொள்ள முடியாது."

தனகோட்டி என் மேசைக்கருகில் நின்று அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டான்.

"இன்னா சார் இது? கால் போயிடுச்சி. ஒண்ணுமே நடக்கலன்னு எழுதிக்கினு இருக்கீங்க."

"நான் எழுதலப்பா. அடிக்கத்தான் செய்யறேன்."

"அடிக்கிறீங்க இல்ல?" என்றான்.

டைப் அடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வெட்கம் போகவில்லை.

பலகையில் மறுநாள் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று ஏறியது. ராஜாங்கத்தின் அவசரம் எல்லாருக்கும் புரிந்ததுதான். ஆயிரம் நாள் ஆனால் சென்னையிலிருந்து ஜெனரல் மேனேஜர் கேடயத்தோடு வருவார். கேடயம் வாங்கும் பாதுகாப்பு அதிகாரிக்குச் சென்னைக்கே மாற்றலும் வரும்.

விபத்து நடக்காததால் ஒரு சிக்கல் உண்டாயிற்று. விபத்து நடக்காத ஆள் ஏன் வேலைக்கு வரவில்லை? நிஜாமுதீன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதாகப் பதிவாயிற்று. நாற்பத்தைந்து நாள் தொடர்ந்து வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும். அவருடைய மனைவி சித்தீகா ஆஸ்பத்திரிச் சீட்டோடு கேட்டுக்கு வந்தாள். உள்ளே விடவில்லை. ஹெல்மெட் இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்பது விதி. நான் வெளியே போனேன்.

"அண்ணே, ஒரு மனுசன் கால் எங்க போச்சின்னு நான் கேக்கறேன். லீவு லெட்டரு எங்கன்னு அவங்க கேக்கறாங்க. வூட்ட காலி பண்ணச் சொல்லி நோட்டீசு வந்துடும்ங்கறாங்க. மூணு புள்ளய இட்டுக்கினு எங்க போறது?"

"பாத்துக்கலாம்மா" என்றேன். பார்த்துக்கொள்ள என்னிடம் ஒரு டைப்ரைட்டர்தான் இருந்தது, அதுவும் கம்பெனியுடையது.

தனகோட்டிக்கும் ஒரு தண்டனை கிடைத்தது. அறுபத்து நான்கு விதிகளையும் மனப்பாடம் செய்து தினமும் காலை வரிசையில் ஒப்பிக்க வேண்டும். நாலாவதுவரை படித்தவன் அவன். எழுத்துக்கூட்டிப் படித்தான், வண்டியில் உட்கார்ந்து படித்தான், சாப்பிடும்போதும் படித்தான். கட்டை யோசனையைச் சொன்னவன் தான்தான் என்பது அவனை அரித்துக்கொண்டிருந்தது. தான் சொல்லாமல் இருந்திருந்தால் வண்டி நின்றே கிடந்திருக்கும், புது பிரேக் வந்திருக்கும் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனான். முப்பது நாளில் கம்பெனியிலேயே அறுபத்து நான்கு விதிகளும் தெரிந்த ஒரே மனிதன் ஆகிவிட்டான். ராஜாங்கத்துக்கு ஒன்பது தெரியும்.

ஆயிரமாவது நாளுக்கு முந்தின சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"சார், ஒரு சந்தேகம். விதிப் பொஸ்தகத்துல பாரம் பாரம்ன்னு போட்டுக்கீது. பாரம்ன்னா பொட்டி மட்டுந்தானா, ஆளும் சேத்தியா?"

"மூணாம் பக்கத்துல இருக்கே. தூக்கப்படும் எதுவும் பாரம்."

"அப்ப ஆளும் சேத்தி."

"சேர்த்திதான். ஏன்?"

"நாளைக்கு ராஜாங்கம் சார் கொம்பு மேல ஏறி நின்னுதான் பலகையத் தொறக்கப் போறாராம். போட்டோவுக்கு. படிவம் ஏழு, ஆறு காப்பி குடுங்க சார், நல்லதா."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கார்பன் வைத்து ஆறு எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கம்பெனியில் நான் மனமார எடுத்த முதல் நகல் அதுதான்.

ஆயிரமாவது நாள் சித்திரை வெயில் காலை ஒன்பது மணிக்கே கொளுத்தியது. கதவுக்கு முன்னால் செங்கல்லில் இரண்டடி மேடை கட்டி, அதன்மேல் மேசை, மேசைமேல் கேடயம். பலகையைப் பட்டுத்துணியால் மூடியிருந்தார்கள். வாழைமரம், தோரணம். குள்ளஞ்சாவடியிலிருந்து ஒரு வண்டி இளநீர். கண்ணாடி அலமாரியைத் திறந்து, தொழிற்சாலை இன்ஸ்பெக்டர், யூனியன் செயலாளர் என்று வந்திருந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் ஹெல்மெட் கொடுத்தார்கள். தொழிலாளர்கள் வெறுந்தலையோடு வெயிலில் நின்றோம்.

ஜெனரல் மேனேஜர் பருமனான, சாந்தமான மனிதர். தன் விதிப் புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

தனகோட்டி வண்டியை முதல் கியரில் ஆமைபோல ஏற்றிக்கொண்டுவந்து மேடைக்கு முன்னால், கதவைப் பார்க்க நிறுத்தினான். வண்டியின் கொம்புகள் மேடைக்கு மேலாக நீண்டன. நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் எட்டுக் கட்டைகள் வைத்து, ஒவ்வொன்றையும் உதைத்துப் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் சரிவு. கொம்பின்மேல் மரத்தட்டு ஒன்றைக் கட்டியிருந்தது. ராஜாங்கம் மாலையோடு அதில் ஏறப்போனார்.

"சார், விதி இருபத்து மூணு. கொம்புமேல ஆள ஏத்தக் கூடாதுங்க."

"அது தொழிலாளர்களுக்கு. நான் அதிகாரி. தூக்கு."

"வாய்மொழி உத்தரவாங்க?"

"உத்தரவுதான். தூக்கு."

தனகோட்டி தூக்கினான். ராஜாங்கம் மேலே போகப் போகக் கைதட்டல் எழுந்தது. பதினான்கடியில் நின்று பட்டுத்துணியை இழுத்தார். ஆயிரம் என்ற எண் தெரிந்தது. போட்டோ எடுத்தார்கள். கீழே நின்றதைவிட மேலே நின்றபோது குரல் கம்பீரமாக இருந்ததால், உரையையும் அங்கிருந்தே ஆற்றினார்.

"விதி என்றால் விதி. ஆளுக்குத் தக்கபடி வளையும் என்றால் அது விதியல்ல. இந்த வண்டியின்மேல் என்னைப் பெற்ற தகப்பனாரே நின்றுகொண்டிருந்தாலும் சரி, ஒரு விதியைக்கூட மீறாதே என்றுதான் ஓட்டுநருக்குச் சொல்வேன். இந்த ஆயிரம் நாளில் இங்கே ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை."

தனகோட்டி என்ஜினை நிறுத்தினான். சாவியை எடுத்தான். கீழே இறங்கி ஜெனரல் மேனேஜர் முன்னால் போய்க் கைகட்டி நின்றான்.

"அய்யா, விதி நாப்பத்தொண்ணு. பாரம் உயர்ந்த நிலையில் இருக்கும்போது வண்டியில் குறை தெரியவந்தால், ஓட்டுநர் என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, எதையும் தொடாமல், படிவம் ஏழில் அறிக்கை தர வேண்டும். பாதுகாப்பு அதிகாரி குறையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பின்னரே பாரத்தை இறக்கலாம்." ஒரே மூச்சில், அச்சில் இருந்தபடி ஒப்பித்தான். "வண்டியில குறை தெரியுதுங்க. படிவம் கொண்டாந்திருக்கேன்."

ஜெனரல் மேனேஜர் புத்தகத்தைப் புரட்டி நாற்பத்தொன்றைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ஒரு எழுத்து தப்பில்ல. பதினோரு கிடங்குக்கு இதை அனுப்பினேன். படிச்ச முதல் ஆள் நீதான்" என்றார். அவர் கண்ணில் நீர் ததும்பியதாக எனக்கு ஞாபகம். "சரி, படிவத்தை அவர்கிட்ட கொடு."

வாட்ச்மேன் ஏணியைக் கொண்டுவந்தான். ஏணி எட்டடி. அதன் உச்சியில் நின்று, மூங்கில் கம்பு நுனியில் படிவத்தையும் பேனாவையும் செருகி மேலே நீட்டினான். ராஜாங்கம் சிரித்துக்கொண்டே வாங்கினார். 'குறை: ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தூக்கிப் போட்டார்.

தனகோட்டி அதை எடுத்துப் படித்தான். தலையை ஆட்டினான்.

"ரொம்ப நல்லதுங்க. குறை இல்லன்னு சாரே எழுதிட்டாரு. விதிப்படி பாரத்த தரையிலதான் எறக்கணும், கீழ மேடை இருக்கறதால நேரா எறக்க முடியாது. வண்டிய பத்தடி பின்னால எடுத்துத்தான் எறக்கணும். கட்டையெல்லாம் எடுத்துடுங்கப்பா. சார் தட்ட கெட்டியா புடிச்சிக்கினு நில்லுங்க. பின்னால சரிவு. அங்க போயி பிரேக்க புடிக்கறேன்."

சொல்லிவிட்டுச் சாவியைப் போட ஏறினான்.

"வேண்டாம்" என்றார் ராஜாங்கம் மேலிருந்து.

"ஏனுங்க?"

"எடுக்காதே. கட்டையைத் தொடாதே."

"குறைதான் இல்லியேங்க."

"டேய், அதில் பிரேக் இல்லைடா. உனக்குத் தெரியாதா? ஏழு மாசமா இல்லையே."

வாழை இலை காற்றில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஜெனரல் மேனேஜர் ஹெல்மெட்டைத் தூக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எட்டு மாசம் ஆவுதுங்க" என்று தனகோட்டி பணிவாகத் திருத்தினான். "இன்னொரு படிவம் இருக்குது."

இரண்டாவது படிவம் மூங்கிலில் ஏறிற்று. படிவம் ஏழு ஜெனரல் மேனேஜரே வகுத்தது. முதல் கேள்வி, என்ன குறை? ராஜாங்கம் 'பிரேக்' என்று எழுதினார். இரண்டாவது, எப்போதிலிருந்து? 'ஆவணி' என்று எழுதினார். மூன்றாவது, இக்குறையால் எவருக்கேனும் காயம் நேர்ந்ததா, நேர்ந்திருந்தால் பெயர், நாள், காயத்தின் தன்மை? அந்த இடத்தை விட்டுவிட்டுக் கையெழுத்திட்டுக் கீழே போட்டார்.

"விதி நாப்பத்திரண்டு" என்றான் தனகோட்டி. "ஒரு கட்டம் காலியா இருந்தாலும் படிவம் செல்லாதுங்க."

"செல்லாது" என்று ஜெனரல் மேனேஜரும் ஒப்புக்கொண்டார்.

பத்தரை மணி ஆகிவிட்டது. ராஜாங்கம் முதலில் அதட்டினார். பிறகு, விதிகளை நடைமுறைக்கு ஏற்றபடி வளைக்கலாம் என்று ஜெனரல் மேனேஜருக்கு மேலிருந்தே விளக்கினார். நீங்கள் இப்போதுதானே வேறு மாதிரி பேசினீர்கள் என்று அவர் கேட்டார். பதினொன்றரைக்கு ராஜாங்கம் தண்ணீர் கேட்டார். மூங்கிலில் இளநீரைக் கட்டித் தூக்கினார்கள். பாதி முகத்தில் கொட்டியது. தகரக் கதவின் அனல் பின்னாலிருந்து அடித்தது. ஜெனரல் மேனேஜர் கொட்டகை நிழலில் உட்கார்ந்து, முந்திரி போட்ட பாயசத்தோடு சாப்பாட்டை முடித்தார். நாங்கள் யாரும் வரிசையை விட்டு நகரவில்லை. வெயில் எங்களுக்கும்தான் அடித்தது. ஆனால் அன்று அது உறைக்கவில்லை. மேலே வியர்த்து ஒழுகும் அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க என் வயிறு குளிர்ந்தது. அதை ஒளித்து எழுத நான் விரும்பவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ராஜாங்கம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"சக்கரபாணி, நீயாவது சொல்லு. அன்னைக்கு விபத்து நடந்ததா? குறிப்பு எடுத்தது நீதானே?"

முப்பத்தெட்டு நாளாக நான் காத்திருந்த கேள்வி அது. வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தேன்.

"ஞாபகமில்லை சார். நான் எழுதறதில்ல. அடிக்கத்தான் செய்யறேன். நீங்க சொல்லச் சொல்ல அடிச்சது. இப்பவும் நீங்கதான் சொல்லணும்."

தனகோட்டி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

பன்னிரண்டே முக்காலுக்கு ராஜாங்கம் மண்டியிட்டு உட்கார்ந்து, மூங்கிலில் ஏறிவந்த மீதிப் படிவங்களை மரத்தட்டில் வைத்து எழுதினார். வியர்வை விழுந்து மை பரவியிருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. 'நிஜாமுதீன், கட்டை போடுபவர். பங்குனி ஐந்து. இடது பாதம் இழந்தார். பிரேக் இல்லாததே காரணம். விபத்து.' கையெழுத்து. நான்கு நகலிலும் கையெழுத்து.

ஒரு நகல் ஜெனரல் மேனேஜருக்கு, ஒன்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு, ஒன்று யூனியனுக்கு, ஒன்று கோப்புக்கு. அவரவர் நகலை அங்கேயே கொடுத்துவிட்டு, தனகோட்டி வடக்கயிறு கொண்டுவரச் சொன்னான். வண்டியின் மூக்கில் கயிற்றைக் கட்டி, இருபது பேர் பிடித்துக்கொண்டார்கள். கட்டையை எடுத்து எடுத்துப் போட்டு, தேரை நிலைக்குக் கொண்டுவருகிற மாதிரி அங்குலம் அங்குலமாகப் பத்தடி பின்னால் விட்டார்கள். பிறகு தனகோட்டி நெம்புகோலை ஒரு விரலால் தள்ளினான். ராஜாங்கம் பூமிக்கு வந்தார். மாலை கருகியிருந்தது.

ஜெனரல் மேனேஜர் கேடயத்தைக் காரில் எடுத்துப்போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்போது, நிஜாமுதீன் பெயரை அடிக்கக் கூடாது, உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். இரக்கத்தால் அல்ல. ஐம்பத்தெட்டாவது விதியில் அப்படித்தான் இருந்தது. அதையும் தனகோட்டிதான் ஒப்பித்துக் காட்டினான்.

இரண்டு மாதம் கழித்து நிஜாமுதீன் கட்டைக்கால் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். கிடங்கின் உள்ளே, வண்டி நிற்கும் இடத்தில் அவருக்கு ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு பதிவேடு. வேலையின் பெயர் வாகனப் பரிசோதகர். காலையில் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி புறப்படலாம். ராஜாங்கத்துக்குச் சென்னை மாற்றல் வரவில்லை. வண்டியைத் தினமும் ஓட்டவைக்கும் பொறுப்பு அவருக்கே கொடுக்கப்பட்டிருந்தது.

சென்னையிலிருந்து பிரேக் பாகம் இன்னும் வரவில்லை. பெட்டிகள் குவிந்துவிட்டன. ராஜாங்கம் யாரோ மெக்கானிக்கைக் கூட்டிவந்து, சைக்கிள் ட்யூப் ரப்பரை வெட்டி வைத்து எதையோ சரிசெய்தார். காலை எட்டு மணிக்கு நிஜாமுதீனின் மேசை முன்னால் வந்து நின்றார்.

"பாய், பிரேக் ரெடி. பிரமாதமா பிடிக்குது. கையெழுத்துப் போடுங்க."

"நெசமா புடிக்குதுங்களா சார்?"

"நான்தான் சொல்றேனே. பாதுகாப்பு அதிகாரி சொல்றேன்."

நிஜாமுதீன் பேனாவின் மூடியைத் திறந்தார். பதிவேட்டில் தேதியை எழுதினார். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தனகோட்டி வண்டிய சரிவுல எறக்கட்டும் சார். நீங்க கீழ நின்னுக்கினு உங்க எடது கால சக்கரத்துக்கு நேரா வெய்யுங்க. வண்டி நின்னா போட்டுடறேன்."

குரலில் கோபமில்லை. அவ்வளவு மரியாதையாக யாரும் ராஜாங்கத்திடம் பேசி நான் கேட்டதில்லை. தனகோட்டி ஏற்கெனவே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். சுமை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். அன்று சரிவின் அடியில் முதுகு காட்டி நின்ற நான்கு பேரும் அதில் இருந்தார்கள்.

ராஜாங்கம் தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். பாலிஷ் போட்ட புதிய ஷூ. அதை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அன்றைக்கு வண்டி ஓடவில்லை.